சும்மா மண்

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவள் புழுக்கா. புழு அக்கா என்று யாரோ கூப்பிட ஆரம்பித்தது, வாய்க்கு வசதியாகச் சுருங்கிப் புழுக்கா ஆகிவிட்டது. கேட்கிறவர் முகம் சுளிக்கிற பெயர்தான். ஆனால் அவள் அதில் ஒரு குறையும் காணவில்லை. கல்யாணமாகி வெகுகாலம், "வயித்துல ஒரு புழு பூச்சி தங்கலையே" என்று சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் அவள் காதுபடவே பேசியிருக்கிறார்கள். இந்த மண்புழு வேலைக்கு வந்த பிறகுதான் கடவுள் கண் திறந்தார். ஒரு பெண் குழந்தை பிறந்தது.

"புழுவைக் கட்டிக்கிட்டு அழுதா, புழு தங்கிருச்சு" என்று நாத்தனார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் உள்ளுக்குள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் வேலைக்கு வந்ததும் ஒரு நிமிஷம் கண்ணை மூடி வேண்டிக்கொண்டுதான் பெட்டிகளின் மூடியைத் திறப்பாள்.

கட்டிடத்தின் பின்பக்கம் வெயில் எட்டாத ஒரு நீள அறை அவளுடையது. மரத்தட்டுகளில் வரிசையாகப் பிளாஸ்டிக் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு இடத்து மண், அதில் புழுக்கள். ஈரம் குறைந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும், கூடினால் மூடியைத் தள்ளி வைக்க வேண்டும். ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் நீர் கோக்க வேண்டும், ஆனால் சொட்டக் கூடாது. காய்ந்த இலையும் சாணத்தூளும் தீனி. தீனி வைக்கும்போது, "எல்லாரும் சாப்பிட்டீங்களாடி?" என்று பெட்டியைப் பார்த்துக் கேட்பாள். அடுத்த அறையில் கண்ணாடிச் சாமான்களுக்குப் பொறுப்பான ஸ்டோர்காரர் எட்டிப் பார்த்து, "பதில் வந்துச்சுன்னா சொல்லு புழுக்கா. நான் வேலைய விட்டு ஓடிர்றேன்" என்பார்.

ஆராய்ச்சி செய்கிற மேடம் இவளைவிட வயதில் சின்னவர். டாக்டர் என்று பலகையில் போட்டிருந்ததை நம்பி, வேலைக்குச் சேர்ந்த புதிதில் இவள் அவரிடம் முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டுவிட்டாள். "அக்கா, நான் புழுவுக்குத்தான் டாக்டர்" என்று மேடம் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் அந்தக் கட்டிடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மேடத்தின் வேலை இதுதான். ஒரு மண்ணில் ஈயம் மாதிரிக் கன உலோகங்கள் கலந்து கெட்டுப் போயிருக்கிறதா என்று புழுவை வைத்துக் கண்டுபிடிப்பது. புழு செத்துப்போகிறதா என்று பார்ப்பதில்லை. செத்த பிறகு தெரிந்து யாருக்கு என்ன புண்ணியம்? புழு கொழுத்து, நெளிந்து, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அதன் உடம்புக்குள் சங்கடம் தொடங்கிவிட்டதா என்று பார்ப்பது. புழுவைக் கழுவி, கிண்ணத்தில் ஈரக் காகிதம் விரித்து அதில் பட்டினி போட்டு, வயிற்றிலுள்ள மண்ணைக் கழியவிட வேண்டும். பிறகு லேசாக மின்சாரம் காட்டினால், அது கூசிப்போய் முதுகுத் துளைகள் வழியாக மஞ்சளாக ஒரு நீரை விடும். புழுவுக்கு ஒன்றும் ஆகாது, திரும்பப் பெட்டிக்குப் போய்விடும். அந்த நீரில் செல்கள் மிதக்கும். "செல்லா? அதுக்கு யாரு ரீசார்ஜ் பண்றது?" என்று ஸ்டோர்காரர் கேட்பார். அந்தச் செல்களின் மேல் ஒரு சிவப்புச் சாயத்தை விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால், செல்லுக்குள் இருக்கிற பொடிப் பொடிப் பைகள் சாயத்தைக் குடித்துச் சிவக்கும். நல்ல மண்ணில் வாழ்ந்த புழுவென்றால் அந்தச் சிவப்பு வெகுநேரம் பைக்குள்ளேயே அடங்கியிருக்கும். கெட்ட மண்ணில் வாழ்ந்த புழுவென்றால் பை நைந்துபோய்ச் சாயத்தைத் தாங்க முடியாமல் சீக்கிரமே கசியவிடும். செல் முழுக்கச் சிவப்பு பரவிவிடும்.

ஒரு மண்ணைக் கெட்டது என்று சொல்ல வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு நல்ல மண் வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க. மேடம் அதற்கு இங்கிலீஷில் ஏதோ பேர் சொல்வார். புழுக்கா அதைச் சும்மா மண் என்றாள். ஒன்றும் கலக்காமல், ஒரு வம்புக்கும் போகாமல், சும்மா இருக்கிற மண். நாளடைவில் மேடத்தின் வாயிலும் அந்தப் பேரே ஒட்டிக்கொண்டது.

சும்மா மண்ணை வழக்கமாக மணலும் களிமண்ணும் தென்னை நாரும் கலந்து வெளியிலிருந்து வரவழைப்பார்கள். பழைய தொழிற்சாலை ஒன்று இருந்த இடத்தில் பள்ளிக்கூட மைதானம் போடப் போகிறார்கள், அந்த மண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டு வந்தபோது, அந்தச் சரக்கு வந்து சேரவில்லை. பள்ளிக்கூடத்துக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள்.

"எங்காவது நல்ல தோட்டத்து மண் கிடைச்சா இந்த ஒரு தடவை சமாளிச்சிடலாம்" என்று மேடம் புலம்பினார்.

"எங்க வீட்டுப் பின்முற்றத்துல இருக்கு மேடம். கறுகறுன்னு பொலபொலன்னு இருக்கும். உரம்கூடப் போட்டதில்ல."

கேட்டதற்கு மேலேயே சொல்லிவிட்டாள். மறுநாள் கொடிக்கயிற்றுக்குக் கீழேயிருந்து ஒரு வாளி மண்ணை வெட்டிக்கொண்டு போனாள். புழுக்கள் அதில் ஜாம்ஜாமென்று இறங்கிப் புரண்டன, பருத்தன. மேடம் பார்த்துத் தலையாட்டினார். "நம்ம வீட்டு மண்ணுக்கு ஆராய்ச்சிக்கூடத்துல வேலை கிடைச்சிருச்சு. எனக்குத்தான் இன்னும் கிடைக்கல" என்று அவள் புருஷன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவர் பெயிண்டர். சுவருக்கு அடிப்பது கொஞ்சம்தான். இடித்த வீடுகளிலிருந்து பழைய கதவு ஜன்னல்களை வாங்கி வந்து, பின்முற்றத்தில் சாய்த்துவைத்து, நெருப்பு காட்டிச் சுரண்டி, புதுசாக நிறம் பூசி விற்பதுதான் அவருக்குச் சோறு போட்ட வேலை. கைராசிக்காரர் என்று பேர். புழுப் பெட்டிகளில் ஒட்டிய காகிதம் ஈரத்தில் உரிந்து போகிறது என்று இவள் சொன்னபோது, பெட்டிக்கும் அதன் கிண்ணத்துக்கும் ஒரே நிறத்தில் புள்ளி வைத்துக் கொடுத்தவர் அவர்தான். சும்மா மண்ணுக்கு வெள்ளைப் புள்ளி. மைதானத்து மண்ணுக்கு நீலப் புள்ளி. எத்தனை கழுவினாலும் போகாத புள்ளி.

சாயம் விட்டுப் பார்த்த அன்றைக்கு மேடம் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

"அக்கா, இது எந்தக் கிண்ணத்துப் புழு?"

"சும்மா மண்ணு மேடம்."

"நல்லாப் பாருங்க."

"வெள்ளைப் புள்ளி மேடம். சும்மா மண்ணுதான்."

மேடம் இன்னொரு கண்ணாடித் துண்டை மாற்றினார். அப்புறம் வேறொன்று. கடிகாரத்தைப் பார்த்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு கண்ணைக் கசக்கினார்.

"மைதானத்து மண்ணு கொஞ்ச நேரம் தாங்கிட்டுத்தான் கசியுது. ஆனா இது அதைத் தூக்கிச் சாப்பிடுது. வச்ச உடனே கசியுது. எப்படி?"

இவள் கிண்ணத்தைத் தூக்கிப் புள்ளியை மறுபடி பார்த்தாள்.

"கழுவும்போது புழு கிண்ணம் மாறிப்போச்சா அக்கா? மாறியிருந்தா சொல்லுங்க, திட்டமாட்டேன். மாறலைன்னா நீங்க கொண்டுவந்த மண்ணுலதான் ஏதோ இருக்கு."

மாறவில்லை. வெள்ளைக் கிண்ணத்துப் புழுவை வெள்ளைக் கிண்ணத்தில்தான் விட்டிருந்தாள், அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் மேடம் அப்படிச் சொன்ன மாத்திரத்தில் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது பெட்டியும் இல்லை, கிண்ணமும் இல்லை. பன்னு வந்தது.

பன்னு என்பது மகளுக்கு வீட்டில் வைத்த செல்லப்பேர். கன்னம் இரண்டும் உப்பிப் பன் மாதிரி இருக்கும். நடை பழகி ஓட்டம் பிடித்திருந்த வயசு. இரண்டு சொல், மூன்று சொல் சேர்த்துப் பேச ஆரம்பித்திருந்தது. அதற்கு மண் தின்கிற பழக்கம் உண்டு. அதிலும் ஒரு கிராக்கி: முன்வாசல் மண்ணைத் தொடாது. பூந்தொட்டி மண்ணை வாயில் வைத்துவிட்டுத் தூவென்று துப்பும். பின்முற்றத்து மண் மட்டும் அதற்குத் தேன். கொடிக்குக் கீழே உட்கார்ந்து விரலை நக்கி, மண்ணில் தோய்த்து, மறுபடி நக்கும்.

"ஆமா மேடம்" என்றாள் புழுக்கா. "மாத்தி வச்சிட்டேன். கை தவறிப்போச்சு."

அந்தச் சொல் வாயைவிட்டுப் போனதும், பாரம் இறங்கினதுபோல் இருந்தது. கிண்ணம் மாறிப்போனதென்றால் வீட்டு மண் நல்ல மண். பிள்ளை தின்றதும் நல்ல மண். அவ்வளவுதானே! தான் ஒரு பொய் சொன்னால் மண் சுத்தமாகிவிடும் என்பதுபோல் அவள் நெஞ்சு அந்த நேரத்தில் நம்பிவிட்டது.

மேடமும் "அப்பாடா" என்று மூச்சு விட்டார். விஷயம் ஸ்டோர் வரைக்கும் போய்விட்டது.

"என்ன புழுக்கா, வெள்ளைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியலையா? பெயிண்டர் பொண்டாட்டின்னு வெளியில சொல்லிக்காத" என்றார் ஸ்டோர்காரர்.

"வயசாகுதுல்ல அண்ணே" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பின்முற்றத்தில் புருஷன் ஒரு பெரிய கதவைச் சாய்த்துவைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தார். எந்தக் காலத்துக் கதவோ, ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசிய பெயிண்ட் ரொட்டிபோல் கனத்துக் கிடந்தது. பச்சை, அதற்குக் கீழே மஞ்சள், அதற்குக் கீழே வெள்ளை என்று செதில் செதிலாக உதிர்ந்து தரையில் விழுந்தது. எப்போதும் பார்க்கிற காட்சிதான். ஆனால் அன்றைக்குத்தான் அந்தச் செதில் எங்கே போகிறது என்று அவள் பார்த்தாள். அவர் காலில் மிதிபட்டு, துடைப்பத்தில் தள்ளப்பட்டு, தூளாகி, மண்ணோடு மண்ணாகிக்கொண்டிருந்தது. கொடிக்குக் கீழே பன்னு கையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் சிரித்தது. பல்லில் மண்.

ஓடிப்போய்த் தூக்கி, விரலை விட்டு வாயை வழித்து, குழாயடியில் கொப்பளிக்க வைத்தாள். குழந்தை வீறிட்டது.

பகலெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொள்கிற நாத்தனார் பக்கத்துக் குடித்தனத்திலிருந்து வந்துவிட்டாள். "ஏன்டி அதைப் போட்டு இந்தப் பாடு படுத்துற? மண்ணு தின்னாத பிள்ளை எங்க இருக்கு? உன் புருஷன் சின்ன வயசுல சுவத்தையே நக்குனவன். அந்தப் பாசத்துலதான் இன்னிக்கும் சுவத்தை விடாம இருக்கான்."

"அண்ணி, நாளையிலிருந்து இவளைப் பின்பக்கம் விடவேண்டாம்."

"ஏன், அங்க என்ன புலியா இருக்கு?"

அவள் பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பன்னு கதவைத் தட்டித் தட்டி அழுதது. "மண்ணு தா. மண்ணு தா."

அடுத்த நாள் காலை வழக்கம்போல் பெட்டிகளுக்கு முன்னால் நின்று கண்ணை மூடினாள். என் பிள்ளையைக் காப்பாத்து என்று கேட்க வந்தாள். கேட்க முடியவில்லை. இத்தனை வருஷம் கடவுளிடம் கையேந்தி வாங்கிய பிள்ளை. அந்தப் பிள்ளைக்காக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அதே வாயால் எதைக் கேட்பது? நீ நிஜத்தைச் சொல்லு, அப்புறம் என்னிடம் வா என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி இருந்தது. அன்று முழுக்கக் கை வேலையில் ஓடவில்லை. தண்ணீர் தெளித்த பெட்டிக்கே மறுபடி தெளித்தாள்.

வீட்டில் புருஷனிடம்தான் முதலில் வாய்விட்டாள். அவர் காது கொடுத்துக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டுக் கோபப்பட்டார்.

"அப்ப நான்தான் என் பிள்ளைக்கு விஷம் வச்சேன்னு சொல்ற."

"நான் அப்படிச் சொல்லலைங்க."

"வேற எப்படிச் சொல்ற? விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து பெயிண்ட்ல கைய வச்சிருக்கேன். எனக்கு என்ன ஆச்சு? கொம்பு முளைச்சிருச்சா?"

"நீங்க திங்கலையே. அவ திங்கிறாளே."

"யாரு சொன்னது இதெல்லாம்? புழுவா? புழு கோர்ட்டுல ஏறிச் சாட்சி சொல்லுதாக்கும்!"

"மேடத்துக்கிட்ட உண்மையைச் சொல்லப் போறேன்."

"சொல்லு, போ. ஊரே சிரிக்கட்டும். பெயிண்டர் வீட்டு மண்ணுல நஞ்சாம்னு பேர் வரட்டும். அதுக்கப்புறம் ஒருத்தன் நம்மகிட்ட கதவு வாங்குவானா?"

அன்று ராத்திரிச் சாப்பாட்டை அவர் தொடவில்லை. அவளும்தான்.

காலையில் மேடம் பையைக் கீழே வைக்குமுன்பே சொல்லிவிட்டாள். "மேடம், கிண்ணம் மாறலை. நான் பொய் சொன்னேன்."

மேடத்தின் முகம் சிவந்துவிட்டது. "அக்கா! நான் இன்னிக்குத்தான் பள்ளிக்கூடத்துக்காரங்களுக்குச் சொல்றதா இருந்தேன். தப்பான ஒப்பீட்டை வச்சு நான் அவங்களுக்கு என்ன சொல்லியிருப்பேன், தெரியுமா? இத்தனை நாள் கூட இருந்தும் உங்களுக்கு இது புரியலையா?"

தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டாள். அத்தனையும் தனக்கு வரவேண்டியதுதான் என்று இருந்தது. மேடம் மூச்சு வாங்கினார். பிறகு குரல் மாறியது.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

இவள் பார்வை வெள்ளைப் புள்ளிக் கிண்ணத்தின்மேல் போனது.

"வீட்ல குழந்தை இருக்குல்ல அக்கா. அது மண்ணுல விளையாடுமா?"

"விளையாடாது மேடம். திங்கும்."

மேடம் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு நாற்காலியை இழுத்து இவளை உட்காரவைத்தார்.

"பாருங்க. புழு சொல்றது மண்ணு சரியில்லைங்கிறதை மட்டும்தான். என்ன உலோகம்னு அது சொல்லாது. உங்க மண்ணை நான் வேற சோதனைக்கு அனுப்புறேன். குழந்தைக்கு என்னன்னு புழுவும் சொல்லாது, நானும் சொல்ல முடியாது. நான் புழுவுக்குத்தான் டாக்டர். அதைக் கூட்டிட்டுப் போய் ரத்தம் எடுத்துப் பாருங்க. ஈயம் இருக்கான்னு பார்க்கணும்னு வாய்விட்டுச் சொல்லுங்க. தள்ளிப்போடாதீங்க."

ஆனால் பெயிண்டர் ஒப்புக்கொள்ளவில்லை. ஓடியாடுகிற பிள்ளைக்கு எதற்கு ஊசி, பச்சைக் குழந்தையின் ரத்தத்தை உறிஞ்ச விடமாட்டேன் என்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் போய் நின்றுகொண்டார். நாத்தனாரும் அவர் பக்கம். "ஆசையாப் பிறந்த பிள்ளைக்கு இல்லாத நோயைக் கொண்டாராத" என்றாள். புழுக்கா கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். கடைசியில் ஒன்று கேட்டாள்.

"ஒரு தடவை வந்து உங்க கண்ணால பாருங்க. பார்த்துட்டு ஒண்ணுமில்லைன்னு நீங்க சொன்னா, நான் அதுக்கப்புறம் வாயத் திறக்கல."

"நான் என்னத்தைப் பார்க்க? எனக்கு என்ன தெரியும்?"

"கலர் தெரியுமே."

 மறுநாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தார். மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்காரும்போது, எங்கே கை பட்டுவிடுமோ என்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். முதலில், புழுக்களை இனம் பெருக்க வைத்திருக்கும் தாய்ப்பெட்டியிலிருந்து ஒரு புழுவின் நீர். அந்தப் பெட்டியில் பழைய கலவை மண்தான் இருந்தது, வீட்டு மண் ஒரு துளிகூடக் கலக்கவில்லை. மேடம் சாயம் விட்டார்.

"என்ன தெரியுது அண்ணா?"

"உருண்டை உருண்டையா இருக்கு. உள்ள பொடிப் பொடியா சிவப்பு. நல்ல சிவப்பு. கரையாம நிக்குது." தன் தொழிலைப் பற்றிப் பேசுகிறபோது வருகிற குரல் அவருக்கு வந்துவிட்டது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "அசையவே இல்ல. பிடிச்சிருக்கு."

பிறகு வெள்ளைப் புள்ளிக் கிண்ணத்துப் புழு. அவர் குனிந்தார்.  பின்னால் கட்டியிருந்த கை அவிழ்ந்து மேஜை மேல் வந்தது.

"கசியுது" என்றார்.

மேடம் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

"ஓதம் ஏறுன சுவத்துல அடிச்ச மாதிரி கசியுது. பிடிமானம் இல்ல. உள்ள இருக்கவேண்டியது வெளியில வருது." நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தார். "இதுல நீங்க ஏதும் வேற சாயம் விடலையே?"

"அதே சாயம்தான் அண்ணா. உங்க கண்ணு முன்னாலதான் விட்டேன்."

அவர் மறுபடி குனிந்து பார்த்தார். இன்னொரு புழுவின் நீரைக் காட்டச் சொன்னார். அதையும் பார்த்தார். எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அங்கே நின்றபடியே, யாரிடமும் இல்லாமல் சொன்னார்: "எனக்கு வேலை கத்துக்கொடுத்த மேஸ்திரி சொல்வாரு. அந்தக் காலத்து வெள்ளைப் பெயிண்ட்ல ஈயம் போடுவாங்க, நாக்குல பட்டா இனிக்கும்னு. சும்மா கதை விடுறாருன்னு நினைச்சேன்."

 முன்வாசல் மண்ணைத் தொடாத பிள்ளை, பூந்தொட்டி மண்ணைத் துப்புகிற பிள்ளை, ஏன் அந்த ஒரு இடத்தையே தேடிப் போனது என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "வா, போலாம்" என்றார். "பிள்ளையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

ஊசி குத்தும்போது பன்னு அழுததைவிட அவர் அழுததுதான் அதிகம். அதைப் பார்த்துவிட்டு நர்ஸ், "அப்பாவுக்கும் ஒரு மிட்டாய் குடுங்க" என்றாள். அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மண்ணில் இருந்தது ஈயம்தான் என்று மேடம் அனுப்பிய சோதனை சொன்னது. ரத்தத்திலும் அதுவே இருந்தது. டாக்டர் ஒளிக்காமல் பேசுகிறவர். "இருக்கக் கூடாத பொருள், இருக்கு. மருந்து கொடுத்து இறக்குற அளவுக்கு இல்லை. அந்த மட்டுக்கும் சந்தோஷப்படுங்க. அந்த மண்ணை விட்டு முதல்ல பிள்ளையை அப்புறப்படுத்துங்க. ரத்தம் வேற சோகையா இருக்கு, இரும்புச்சத்துக்கு டானிக் தர்றேன். கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி ரத்தம் பார்க்கணும். அப்பாவும் ரத்தம் குடுத்துட்டுப் போங்க."

"உள்ள போனது போயிரும்ல டாக்டர்?" என்று புழுக்கா கேட்டாள்.

"ரத்தத்துல குறையும்."

"அப்ப சரியாயிடும்ல?"

டாக்டர் பேனாவை மூடினார். "பேச்சு, கவனம், படிப்பு. இதுல ஏதாவது தொட்டிருக்கா இல்லையான்னு இன்னிக்குச் சொல்ல முடியாதும்மா. வளர வளரத்தான் தெரியும். ஒண்ணுமே இல்லாமலும் போகலாம்."

அந்த வாரமே வேறொரு தெருவில், மாடியில், மண்ணே இல்லாத ஒரு அறைக்குக் குடிபோனார்கள். பழைய வீட்டு முற்றத்து மண்ணை வெட்டியெடுத்து எங்கேயாவது கொட்டிவிடலாம் என்றார் பெயிண்டர். "எங்க கொட்டுவீங்க? அங்க யாரு பிள்ளை விளையாடும்?" என்று இவள் கேட்டாள். அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டார். மேடம் கேட்டுச் சொன்னபடி தார்ப்பாய் விரித்துக் கல் வைத்து மூடினார்கள், முறையாக எடுத்துப்போக ஆள் வரும் வரைக்கும். கதவு சுரண்டுகிற வேலையை அவர் நிறுத்திவிட்டார். கேட்டு வந்தவர்களிடம் காரணத்தையும் சொன்னார். பேர் கெடும் என்று பயந்தவர், தன் வாயாலேயே சொன்னார். நாத்தனார் கொஞ்ச நாள் பேசாமல் இருந்தாள். ஒரு நாள் ஒரு டம்ளர் பாலோடு மாடியேறி வந்து, "நான்தானேடி பகலெல்லாம் அங்க விட்டேன்" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். 

மேடம் வேறு நல்ல மண் வரவழைத்து எல்லாச் சோதனையையும் முதலிலிருந்து செய்தார். மைதானத்து மண்ணும் கெட்டதுதான் என்று தெரிந்தது. பள்ளிக்கூடத்துக்காரர்கள் வேறு இடம் பார்க்கிறார்கள். புழுக்காவை வேலையை விட்டு அனுப்பவில்லை. காலையில் பெட்டிகளுக்கு முன்னால் கண்ணை மூடும்போது இப்போது அவளால் கேட்க முடிகிறது. ஆனால் என்ன கேட்பதென்றுதான் தெரியவில்லை. நடந்தது நடக்காமல் போகட்டும் என்று கேட்க முடியுமா? கேட்காமலும் இருக்க முடியவில்லை.

ஒரு சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்தபோது, பெயிண்டர் தன் ஷேடு கார்டை விரித்துவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர்கள் பெயிண்ட் நிறங்களைக் காட்டுவதற்குக் கொடுக்கிற மடிப்புக் காகிதம் அது. எதிரே பன்னு.

"இது என்ன கலர்டா செல்லம்?"

"பச்சை."

"இது?"

"பச்சை."

"இல்லடா, இது நீலம். வானம் மாதிரி இருக்குல்ல? நீலம். எங்க, சொல்லு."

"நீலம்."

"ஆங், அப்படிச் சொல்லு. இப்ப இது என்ன?"

"பச்சை."

அவர் தலைநிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அந்த வயதில் எந்தப் பிள்ளையும் அப்படித்தான் சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். நாத்தனார் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வரைக்கும் எல்லாவற்றையும் சிவப்பு என்றே சொல்லிக்கொண்டு திரிந்தன, வீடே சிரித்தது. தெரிந்தும் அவள் பையைக் கீழே வைக்காமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"விடுங்க. சின்னப் பிள்ளை" என்றாள். "இதுக்கு முன்னாடி நாம இவளை இப்படிக் கேட்டுச் சோதிச்சோமா?"

"இன்னும் ஒரே ஒரு தடவைம்மா" என்று சொல்லிவிட்டு, அவர் நீலத்தின்மேல் விரலை வைத்தார். குழந்தை நீலத்தைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்தது. என்ன சொன்னால் அவர் சிரிப்பார் என்று தேடுகிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.